"நானே செய்கிறேன்" என்கிற பிள்ளையைச் சோதனையில் எவ்வளவு தூரம் விடலாம்?

பதினொரு வயது மகன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு வீட்டில்தான் படிப்பு. அறிவியல் சோதனை என்று உட்கார்ந்தால் "நானே செய்றேன், நீங்க போங்கம்மா" என்கிறான். விட்டுவிட்டுப் போனால் கையில் கிடைத்ததை எல்லாம் கலக்கி வைக்கிறான். கூட நின்றால் கடைசியில் நீங்களே செய்து முடிக்கிறீர்கள். தனியாக விடலாமா, எதைத் தொட விடக்கூடாது, இப்படிச் செய்து அவனுக்கு ஏதாவது புரியுமா, பின்னால் தேர்வுக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கேள்வி வரிசைப்படி பதில் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன். இப்போது வார இறுதியில், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: விடலாம். ஆனால் பெரும்பாலான பெற்றோர் விடவேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிடித்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

கடையில் விற்கும் சோதனைப் பெட்டியைக் கொடுத்து அறைக்கதவைச் சாத்திவிட்டால் பிள்ளை தனியாகச் செய்கிறான் என்று நினைக்கிறோம். படி ஒன்று, படி இரண்டு என்று அச்சடித்த தாளில் இருப்பதை அப்படியே செய்கிறான், கடைசியில் படத்தில் இருப்பது வருகிறது. அங்கே அவனாக எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. அதே பையன் நீங்கள் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, நூலை எவ்வளவு நீளம் வெட்டுவது, எத்தனை தடவை அளப்பது, எந்த அளவை நம்புவது என்று தானே தீர்மானித்தால் அதுதான் சுயமாகச் செய்வது. நீங்கள் அறையில் இருப்பதும் இல்லாததும் இதில் பெரிய விஷயமில்லை. முடிவுகள் யார் கையில் என்பதுதான் விஷயம்.

ஒரு உதாரணத்தை விரிவாகச் சொன்னால் விளங்கும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்ற விளக்கத்தைப் பல புத்தகங்களிலும் வீடியோக்களிலும் பார்த்திருப்பீர்கள். அந்த விளக்கம் தவறு. ஆனால் பெரியவர் பக்கத்தில் நின்று முதலிலேயே அதைச் சொல்லிவிட்டால், பிள்ளை கண் முன்னால் நடப்பதைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவான்.

சொல்லாமல் விட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூர்ந்து பார்க்கிற பிள்ளைக்கு மூன்று விஷயம் கண்ணில் படும். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பு வழியாகச் சில குமிழிகள் வெளியே போகும். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறாது; அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறும். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்தால் இன்னும் மேலே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்ததுதான் காரணம் என்றால், எத்தனை மெழுகுவர்த்தி வைத்தாலும் ஒரே உயரம்தானே வரவேண்டும்? உண்மையில் சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் முழுக்கத் தீருவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும் என்பது கூடுதல் செய்தி. என்னிடம் வரும் ஒரு பெண், யாரும் கேட்காமலே, மெழுகுவர்த்தி இல்லாமல் வெந்நீரில் அலசிய டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். தண்ணீர் ஏறியது. எரிவதற்கு அங்கே எதுவுமே இல்லையே! அந்த ஒரு அசைவுக்காகத்தான் இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. பின்னர் ஏகலவ்யா என்ற கல்வித் தொண்டு அமைப்பு அதை நடத்தியது. கிராமத்துப் பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சோதனை செய்வார்கள். அவர்களுடைய பாடநூலில் கேள்வி இருக்கும், செய்யவேண்டிய வழி இருக்கும், விடை மட்டும் இருக்காது. செய்து பார்த்துத்தான் எழுதவேண்டும். 2002-இல் அரசு அதை நிறுத்தும்வரை முப்பது வருடம் ஓடியது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து வடிவங்கள் செய்யக் காட்டும் அரவிந்த் குப்தாவும் அந்தத் திட்டத்தோடு சேர்ந்து இயங்கியவர்தான். விலை உயர்ந்த ஆய்வகம் இல்லாமலே இதெல்லாம் நடந்தது என்பதால் சொல்கிறேன்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் அவன் கையில் கொடுத்துவிட முடியாது. முதலில் கேள்வியும் உங்களுடையது, வழியும் உங்களுடையது, கை மட்டும் அவனுடையது. அவன் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான் என்று உங்கள் கேள்வியைப் படித்தாலே தெரிகிறது. "போங்கம்மா" என்பதன் அர்த்தமே அதுதான். அடுத்தது, கேள்வி உங்களுடையது, வழி அவனுடையது. இங்கேதான் அவனை நிறைய நாள் நிறுத்தி வைக்கவேண்டும்.

இதற்கு ஊசலைப் போல நல்ல சோதனை கிடையாது. நூல், ஒரு இரும்பு நட்டு, ஸ்கேல், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். அவ்வளவுதான் சாமான். "ஊசல் ஒரு தடவை போய்வர ஒரு விநாடி ஆகணும், செஞ்சு காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் நட்டின் எடையை மாற்றுவார்கள், அல்லது இன்னும் தள்ளி இழுத்து விடுவார்கள். ஒன்றும் பெரிதாக மாறாது. அப்புறம்தான் நூலின் மேல் சந்தேகம் வரும். ஒரு ஆட்டத்தை அளக்கப் போனால் விரல் தடுமாறும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வரும். பத்து ஆட்டத்தை அளந்து பத்தால் வகுக்கலாம் என்று அவனாகவே வந்து சொல்வான். சொல்லாவிட்டால் இரண்டு நாள் பொறுங்கள். கட்டின இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சுமார் 25 சென்டிமீட்டர் இருந்தால் பத்து ஆட்டத்துக்குப் பத்து விநாடி. இரண்டு விநாடி வேண்டும் என்றால் 50 சென்டிமீட்டர் போதும் என்று நினைப்பான். பத்து ஆட்டத்துக்கு 14 விநாடிதான் வரும். ஒரு மீட்டர் வைத்தால்தான் 20. நேரம் இரண்டு மடங்கு ஆக நீளம் நான்கு மடங்கு ஆகவேண்டும் என்பதைச் சூத்திரம் தெரியாமலே கண்டுபிடித்த பிள்ளைக்கு, பின்னால் வகுப்புப் பாடத்தில் வர்க்கமூலம் வரும்போது அது அந்நியமாகத் தெரியாது.

உங்கள் சமையலறையிலேயே இன்னொன்று இருக்கிறது. இட்லி மாவு. நேராக நிற்கும் ஒரே மாதிரி கண்ணாடி பாட்டில் நான்கில் ஒரே உயரத்துக்கு மாவை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டிலில் பாதிக்குக் கீழே ஊற்றவேண்டும், மூடியை இறுக்கக் கூடாது. ஒன்றில் உப்பு இல்லை, ஒன்றில் வழக்கமான உப்பு, ஒன்றில் இரண்டு மடங்கு, ஒன்று ஃபிரிட்ஜில். மணிக்கு ஒரு தடவை உயரத்தை அளக்கட்டும்; இரவு தூங்கவேண்டியிருப்பதால் அதிகாலையிலேயே அரைத்து ஆரம்பிப்பது நல்லது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: ஃபிரிட்ஜ் பாட்டிலில் உப்பு எவ்வளவு போட்டான்? வழக்கமான உப்பு போட்டிருந்தால்தான் வெளியே இருக்கும் பாட்டிலோடு ஒப்பிட முடியும். முதல் தடவை இதைக் கவனிக்கமாட்டான். நீங்களும் சுட்டிக்காட்டாதீர்கள். முடிவை விளக்கும்போது "குளிரினாலயா, உப்பினாலயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பதைப் பாடமாகச் சொன்னால் மறந்துபோகும். நாள் முழுக்கக் காத்திருந்த சோதனை ஒன்றுக்கும் உதவாமல் போனால் மறக்காது. மாவு வீணாகாது, தோசை வார்த்துவிடலாம்.

மூன்றாவது கட்டம், கேள்வியே அவனுடையது. இது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அவசரப்படுத்தினால் வரவே வராது. கோவை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒரு தூண்டில் மட்டும் தருகிறேன். மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் குட்டையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர் 25-ஐ ஒட்டிப் பார்த்தால் கோவையில் 12:22 வாக்கில்தான் நிழல் மிகக் குட்டையாக இருக்கும். அதே நாளில் சென்னையில் 12:09. நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, கோவை அதற்கு ஐந்தரைப் பாகை மேற்கே. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற மாதங்களில் இந்த நேரம் கால் மணி வரை முன்னும் பின்னும் நகரும். நண்பகலையொட்டி நிழலின் நீளம் பல நிமிடம் மாறாதது போலவே தெரியும் என்பதால் நேராக அளந்தால் துல்லியம் வராது. காலையில் ஒரு நீளத்தையும் நேரத்தையும் குறித்துவைத்து, மதியத்துக்குப் பிறகு அதே நீளம் திரும்ப வரும் நேரத்தைப் பிடித்து, இரண்டுக்கும் நடுநேரத்தை எடுக்கவேண்டும். இந்த வழியை அவனுக்குச் சொல்லாதீர்கள், உங்களுக்காகச் சொன்னேன். சென்னையில் சித்தி பையனோ அத்தை பெண்ணோ இருந்தால் போனில் இரண்டு பேரையும் சேர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகளை அவனே கேட்பான்.

இப்போது, பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். இதில் நான் கொஞ்சமும் தாராளம் கிடையாது.

சுதந்திரத்தை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பொருளை வைத்து முடிவு செய்யுங்கள். நூல், நட்டு, மாவு, நிழல், காந்தம், செடி, எலுமிச்சை இதெல்லாம் கேட்காமலே எடுக்கலாம். சின்ன பேட்டரி செல், வினிகர், சமையல் சோடா, சலவைச் சோடா, வெந்நீர் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும். தீ, அடுப்பு, சுண்ணாம்பு, கடையில் வாங்கிய எந்த ரசாயனமும் நீங்கள் கூட இருந்தால்தான். அந்த மெழுகுவர்த்திச் சோதனையும் இதில்தான் வரும்: பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், பருத்திச் சட்டை, உட்கார்ந்திருக்கும் நீங்கள், ஆனால் வாய் திறக்காத நீங்கள். பதினாறு வயது ஆனாலும் புதிய ரசாயனம் ஒன்று வந்தால் பழையபடி முதல் கட்டத்துக்குப் போகவேண்டும். ஆய்வகத்தில் பெரியவர்களுக்கும் இதே விதிதான்.

"சொல்லிவிட்டு எடுப்பது" என்றால் அனுமதி கேட்பது மட்டும் இல்லை. என்ன செய்யப் போகிறேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், தப்பாகப் போனால் என்ன செய்வேன் என்று மூன்றையும் சொல்லவேண்டும். மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் அன்றைக்குச் சோதனை இல்லை. இதை முதல் நாளிலிருந்தே கறாராக வைத்தால் சண்டை வராது.

"கலக்கி வைக்கிறான்" என்றீர்களே, அதில் ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். குளியலறை ஆசிட், டாய்லெட் கழுவும் திரவம், பிளீச்சிங் பவுடர், வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் எல்லாவற்றையும் அவன் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அடுத்தது சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுவதுதானே என்று நினைப்போம். கண்ணில் தெறித்தால் கருவிழியை அரித்துவிடும். பாக்கெட்டை அழுத்தி விளையாடி இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் குழந்தைகள் நம் நாட்டில் நிறைய. தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் சோதனைக்குப் பல வீடியோக்களில் உப்பைப் போடச் சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஒரு முனையில் குளோரின் வரும். சலவைச் சோடாவைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட்டுக்கும் சோதனைக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது, செல்லோடு நிறுத்துங்கள். பழைய போன் பேட்டரியைத் திறக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்ப்பது எந்த வயதிலும் கூடாது. சோடாவும் வினிகரும் விளையாட்டுதான், ஆனால் மூடியை இறுக்கிய கண்ணாடி பாட்டிலில் போட்டால் அது வெடிக்கும். ரொட்டியில் பூஞ்சை வளர்த்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டியபிறகு திறக்காமலே பார்த்துவிட்டு அப்படியே குப்பைக்கு. சின்னக் குழந்தை யாராவது வீட்டில் இருந்தால் பட்டன் செல் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். கலக்கும் ஆசைக்கும் இடம் கொடுக்கவேண்டும். ஐஸ் ட்ரே ஒன்று, சொட்டுப்போடும் குழாய் ஒன்று, மஞ்சள் கரைத்த தண்ணீர், சங்குப்பூவையும் செம்பருத்தியையும் வெந்நீரில் ஊறவைத்த சாறு. இதை வைத்து எலுமிச்சை, மோர், சோப்புத் தண்ணீர், சீயக்காய், ஷாம்பு என்று வீட்டில் உள்ளதை எல்லாம் சோதிக்கட்டும். சங்குப்பூ நீலம் எலுமிச்சையில் ஊதாவாகும், சலவைச் சோடாவில் பச்சையாகும். மஞ்சள் சோப்பில் சிவக்கும், எலுமிச்சை விட்டால் திரும்ப மஞ்சளாகும். ஆலம் சுற்றும் தண்ணீர் ஏன் சிவப்பு, சாம்பார் சிந்திய சட்டை சோப்புப் போட்டதும் ஏன் சிவக்கிறது என்று அவனே முடிச்சுப் போடுவான். இங்கே கண்டபடி கலக்குவதிலும் தப்பில்லை. ஆனால் எந்தக் குழியில் எதை விட்டோம் என்று எழுதிவைக்காமல் போனால் அந்த அழகான நிறத்தை மறுபடி கொண்டுவர முடியாது, அதுவே அவனை எழுத வைக்கும்.

நோட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று. பள்ளிக்கூட ரெக்கார்ட் நோட்டு மாதிரி நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று கோடு போட்டு எழுத வைக்காதீர்கள். தேதி, என்ன நினைத்தேன், என்ன அளந்தேன், என்ன நடந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு. அடித்த வரி தெரியும்படி ஒற்றைக் கோடு, ரப்பர் கூடாது. எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள்.

அவனுக்குப் புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள்; பெரும்பாலும் வீடியோவில் கேட்ட வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்வான். "நாளைக்குச் செஞ்சா இதே வருமா?", "இதுல எந்த எண்ணை நீ நம்பலை?", "அப்பா நம்பமாட்டார், எப்படிக் காட்டுவே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்குப் பதிலாகத் திரும்பிப் போய் இன்னொரு தடவை அளந்தால் புரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சோதனை தோற்றுப்போய் முகம் தொங்கினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் ராத்திரி ரகசியமாகச் சரிசெய்து வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான உதவி.

தேர்வைப் பற்றி. என்ஐஓஎஸ் என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது நிறைந்திருக்கவேண்டும், அதனால் அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அங்கே அறிவியல் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, ஒதுக்கப்பட்ட மையத்தில் போய்ச் செய்யவேண்டும். ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு நிலையில் உள்ள சர்வதேசத் தேர்வு) என்றால் தனித்தேர்வர்களுக்குச் செய்முறைக்கு மாற்றாக எழுத்துத் தாள் ஒன்று இருக்கிறது. அளவை வாசிப்பது, அட்டவணை போடுவது, சோதனையில் உள்ள குறையைக் கண்டுபிடிப்பது இவைதான் கேள்வி. இட்லி மாவில் குறை கண்டுபிடித்தவனுக்கு அது புதிதாக இருக்காது. ஆனால் பியூரெட், பிப்பெட், பன்சன் அடுப்பு, உப்புப் பகுப்பாய்வு இதெல்லாம் வீட்டில் வேண்டாம். தேர்வுக்கு முந்தின வருடம் பக்கத்தில் உள்ள பள்ளியிலோ கல்லூரியிலோ தெரிந்த ஆசிரியர் மூலமாகக் கேட்டு, சில சனிக்கிழமைகள் ஆய்வகத்தில் பழகினால் போதும். அதற்கு முன்பே யாராவது "லேப் இல்லாம எப்படி?" என்று பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் தன்னார்வ அமைப்பான தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ஆட்கள் உங்கள் மாவட்டத்திலும் இருப்பார்கள். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்வு செய்து கொண்டுபோவார்கள்; வீட்டில் தனியாகப் படிக்கிற பையனுக்கு, கூட இன்னொரு பிள்ளை உட்கார்ந்து "நீ அளந்தது தப்பு" என்று சொல்லும் வாய்ப்பு அங்கே கிடைக்கும். வருகிற மாநாட்டுக்குப் பதிவு எப்போது என்று அவர்களிடம் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.